ஆடு வாய் வைக்காத செடிகள்

1

கடல் கடந்து வருமுன் நான் என்ன நிலையில் இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை.

சேலத்தில் ஒரு கல்லூரியில் பதினோரு ஆண்டுகள் தாவரவியல் விரிவுரையாளராக இருந்தேன். முதுகலையில் முதல் வகுப்பு. இலைகளின் உள்ளமைப்பு என் துறை. உலர்ந்த இலைத் துணுக்கு ஒன்றைக் கொடுத்தால், அது எந்தச் செடியினுடையது என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் அன்று எங்கள் வட்டாரத்தில் இருவர்தாம் இருந்தோம். மற்றவர் என் ஆசிரியர்; அவர் ஓய்வு பெற்றுவிட்டார். செவ்வாய்ப்பேட்டை நாட்டுமருந்துக் கடைக்காரர்களுக்குச் சரக்கின் மீது ஐயம் எழுந்தால் ஒரு கைப்பிடியைப் பொட்டலமாகக் கட்டிக் கல்லூரிக்குக் கொடுத்தனுப்புவார்கள். நான் 'சரி' என்று எழுதினால் மூட்டை கடைக்குள் போகும். 'போலி' என்று எழுதினால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். எனக்கு மேல் யாரிடமும் கேட்கும் வழக்கம் இல்லை. நாமக்கல்லுக்குத் தெற்கே எங்களுக்குத் தோட்டமும் மானாவாரிக் காடும் இருந்தன. என் தகப்பனார் சொல்லுக்குச் சுற்றுப்பட்டில் மறுசொல் கிடையாது.

இவற்றைப் பெருமைக்காக எழுதவில்லை. பின்னால் நேர்ந்தது அறியாமையால் நேர்ந்தது என்று வாசிப்பவர் எனக்குச் சலுகை காட்டிவிடக் கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

சென்ற மாதம் அக்கல்லூரியிலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. ஆண்டு விழா மலர் வெளியிடுகிறார்களாம். அயல்நாட்டில் இருக்கும் பழைய ஆசிரியர்களைப் பற்றிய பகுதியில் எனக்கு இரண்டு பக்கம். அச்சுப்படியைப் பார்த்துக் கையொப்பமிட்டு அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். பட்டங்கள் சரியாக இருந்தன. ஊர்ப் பெயர் சரியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: 'மேச்சேரிப் பக்கத்து நாட்டு வைத்தியர் செங்கோடன் போலிச் செடிகளைக் கொடுத்து ஏமாற்றியிராவிட்டால், நம் பேராசிரியரின் கண்டுபிடிப்பு இன்று உலகெங்கும் பயன்பட்டிருக்கும்.'

உடன் ஒரு துண்டுச் சீட்டு: பிழை ஏதும் இருப்பின் சிவப்பு மையால் குறிக்கவும்.

மூன்று வாரங்கள் சிவப்பு மைப் பேனா அந்த உறையின் மீதே கிடந்தது.

2

நான் இருப்பது மேற்கு ஜெர்மனியில் ஆற்றோரத்துப் பல்கலைக்கழக ஊர் ஒன்றில். காலை ஏழு இருபதுக்குப் பேருந்து. ஏழு ஐம்பதுக்கு ஆய்வகம். பன்னிரண்டு மணிக்கு உருளைக்கிழங்கு. மாலை ஐந்தேகாலுக்கு அதே பேருந்து, அதே ஓட்டுநர். பன்னிரண்டு ஆண்டுகளில் நாங்கள் பரிமாறிக்கொண்டவை வணக்கங்கள் மட்டுமே. ஊரிலிருந்து எழுதுபவர்கள் 'உங்களுக்கென்ன, சுதந்திரமான நாடு' என்கிறார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி. என் கடவுச்சீட்டில் இவ்வரசு குத்தியிருக்கும் முத்திரையின் கீழ் தட்டச்சில் ஒரு வரி இருக்கிறது: இன்ன ஆய்வகத்தில், இன்ன பணியில் மட்டும். பணி ஒப்பந்தம் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அது புதுப்பிக்கப்பட்டால்தான் முத்திரை. முத்திரை இருந்தால்தான் வீட்டு வாடகை ஒப்பந்தம், மனைவிக்கு அனுமதி, மகளுக்குப் பள்ளி. ஒரு செங்கல்லை உருவினால் சுவர் முழுவதும் இறங்கும்படி கட்டியிருக்கிறார்கள்.

வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு முதலில் போனபோது, சன்னலுக்குப் பின்னிருந்த மூத்த பெண்மணியை, நெருங்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே உரிய 'நீ' என்ற சொல்லால் விளித்துவிட்டேன். பாடநூலின் முதல் பாடம் அந்தச் சொல்லில்தான் தொடங்கியிருந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாய்க்குக்கூட 'வாங்க' போடுகிறவர்கள் என்று வெளியூரார் கேலி பேசும் சீமையில் பிறந்தவன் நான். அன்று அடைந்த வெட்கம் இன்றும் என் காதோரம் சுடுகிறது.

என் மகள் மீனாவுக்கு அந்த வெட்கம் புரியாது. நாங்கள் இங்கே வந்தபோது அவளுக்கு நான்கு வயது. 'வாங்கப்பா', 'சொல்லுங்கப்பா' என்றுதான் அதுவரை பேசினாள். பள்ளிக்குப் போன இரண்டாம் ஆண்டில் அந்த 'ங்க' உதிர்ந்தது. "அப்பா, நீ வா. சாப்பாடு ஆறுது" என்பாள். என் மனைவி சரசுவதி அதட்டுவாள்: "அப்பாவ 'நீ', 'வா'ன்னு கூப்புடறதா? நாக்குல சூடு வெப்பேன்." குழந்தை விழிப்பாள். அன்பானவர்களை வேறெப்படிக் கூப்பிடுவது என்பது அவள் கேள்வி. தமிழ் எழுத்தைக் கற்பிக்க நான்கு முறை தொடங்கினேன். நான்கு முறையும் ஒப்பந்தப் புதுப்பிப்பு, அறிக்கை, ஏதேனும் ஒன்று குறுக்கிட்டது. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இச்செய்தி பின்னால் தேவைப்படும்.

3

செங்கோடனை எனக்கு அறிமுகம் செய்தது என் தகப்பனாரின் கால்.

சர்க்கரை நோய்க்காரருக்கு வரப்புக் கல் இடித்த புண். ஏழு மாதம் ஆறவில்லை. சேலத்து மருத்துவர்கள் விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். தகப்பனார் மறுத்தார். என் மைத்துனர் பொன்னுசாமி, சரசுவதியின் அண்ணன், நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், டிரைவர்கள் வாயிலாகக் கேள்விப்பட்டு எங்களை மேச்சேரிக்கு அழைத்துப் போனார். ஊருக்கு வெளியே கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு. அதற்குள் செந்நிறச் செம்மறிகள். படலுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. செங்கோடன் ஆட்டுக்காரர். ஆட்டின் புண்ணுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கி, மனிதர் புண்ணுக்கும் பார்ப்பவரானார். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் தகப்பனாரிடம் கேட்டார்.

"ஏனுங்க, இந்தக் காலு ஆட்டுக்கு இருந்திருந்தா நான் ஒரு வாரத்துல ஆத்திப்போடுவேன். ஆடு சோறு கேக்காது, காப்பியில சக்கரை கேக்காது. நீங்க ஆடாட்டம் இருப்பீங்களா?"

தகப்பனாரிடம் அப்படி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. அவர் சிரித்தார். "இருக்கறனப்பா" என்றார்.

செங்கோடனின் மனைவி பாவாயி ஒரு பச்சிலையை அரைத்து வந்து கட்டினாள். அவர்கள் அதைப் புண்ணாத்தி என்பார்கள். மானாவாரி நிலத்தில் முழங்கால் உயரம் வளரும் செடி. தாவரவியல் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். எழுதினால் நாளைக்கே யாரேனும் அரைத்துப் பூசிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். இரண்டு மாதத்தில் புண் மூடியது. தகப்பனார் நடந்தே படலைக் கடந்து வந்து, "அந்த மனுசனுக்கு நம்ம ஊட்டுக் கதவு எப்பவும் தொறந்திருக்கோணும், தெரியுதா?" என்று என்னிடம் சொன்னார். நான் தலையசைத்தேன்.

எழுபதுகளின் நடுவில் இந்த ஆய்வகத்துக்கு உதவித்தொகையுடன் வர எனக்கு வாய்ப்புக் கிடைத்தபோது, ஆய்வுப் பொருளாக அச்செடியையே எழுதிக் கொடுத்தேன். புறப்படும் முன் மேச்சேரிக்குப் போய்க் கேட்டேன். பாவாயி உள்ளே போய், தங்கள் உபயோகத்துக்கென்று நிழலில் உலர்த்தி வைத்திருந்ததை ஒரு துணிப் பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். எப்படிப் பறித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. செடியைப் பற்றி எனக்குத் தெரியாதது அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கப் போகிறது என்பது அன்றைய என் எண்ணம்.

4

அந்தப் பை பெரும்பயன் தந்தது. சாற்றில் நனைத்த சிறு காகித வில்லையைக் கிருமி வளரும் தட்டின் நடுவில் வைத்தால், மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி அண்டாத தெளிவான வட்டம் தெரியும். வட்டம் பெரியதாக இருந்தால் சாறு வலியது. எங்கள் வட்டம் பேராசிரியரைத் தம் அறையிலிருந்து எழுந்து வரச் செய்தது. ஓர் ஆய்விதழில் குறுங்கட்டுரை வந்தது. பெயர்களில் என் பெயர் இரண்டாவது. சேலத்தில் நான் இல்லாமலே பாராட்டுக் கூட்டம் நடத்தித் தகப்பனாருக்கு மாலை போட்டார்கள்.

பை தீர்ந்தது. மூட்டைக் கணக்கில் வேண்டும் என்றார் பேராசிரியர். நான் பொன்னுசாமிக்கு எழுதினேன். அக்கடிதத்தின் ஒரு பகுதியைச் சொல் மாறாமல் தருகிறேன். மறக்க முயன்றும் மறக்கவில்லை.

'செங்கோடனிடம் இதைப் படித்துக் காட்டவும். ஆடு வாய் வைக்காத, பூச்சி அரிக்காத, முழுச் செடிகளாகப் பார்த்துப் பறிக்கச் செய்யவும். பெரிய இடத்துக்குப் போகும் பொருள். எச்சில் பட்டது ஒன்றுகூட இருக்கலாகாது.'

மாதிரிச் செடி பழுதின்றி இருக்க வேண்டும் என்பது தாவரவியல். எச்சில் என்ற சொல் தாவரவியலில் இல்லை. அது நான் வளர்ந்த வீட்டிலிருந்து வந்தது. எங்கள் வீட்டில் கடித்துப் பார்த்த மாங்காயை விருந்தாளிக்கு நறுக்கி வைக்க மாட்டார்கள். ஆடு கடித்த இலையை ஒரு ஜெர்மன் பேராசிரியரின் மேசையில் கொட்டுவதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

இரண்டு மூட்டைகள் கப்பலில் வந்தன. பார்க்க வெகு நேர்த்தியான சரக்கு. சாறு எடுத்தோம். வட்டம் இல்லை. மீண்டும் எடுத்தோம். இல்லை. அடுத்த பருவத்தில் வந்த மூட்டைகளிலும் இல்லை.

பேராசிரியர் என்னை அழைத்தார். குரலை உயர்த்தவில்லை, இங்கே யாரும் உயர்த்துவதில்லை. "இரண்டு வழிகள்தாம் தெரிகின்றன" என்றார். "முதல் முடிவு தவறு, அல்லது இரண்டாம் பொருள் வேறு. முதல் முடிவைக் கண்டவர் நீங்கள். பொருளைத் தருவித்தவரும் நீங்கள். உங்கள் விளக்கத்தை எழுத்தில் கொடுங்கள். உங்கள் ஒப்பந்தம் இம்மாதக் கடைசியில் குழுவின் முன் வருகிறது."

அவ்வளவுதான் பேச்சு. கதவை அவரே திறந்துவிட்டார்.

இரண்டாம் சரக்கின் இலைகளை நான் அதற்கு முன்பே நுண்ணோக்கியில் பார்த்திருந்தேன். அடிப்புறத்து மயிர்கள், நரம்பின் வளைவு, செல்களின் அடுக்கு, எல்லாம் ஒன்றே. அதே செடி. எந்த ஐயமும் இல்லை. செவ்வாய்ப்பேட்டைப் பொட்டலமாக இருந்திருந்தால் 'சரி' என்று எழுதியிருப்பேன்.

அறிக்கையில் நான் எழுதியது இது: 'பொருளை வழங்கியவர் எழுத்தறிவற்ற கிராமத்து மருத்துவர். தோற்றத்தில் ஒத்த வேறொரு செடியை அவர் கலந்து அனுப்பியிருப்பது தெரியவருகிறது.' கையொப்பம். ஒப்பந்தம் இரண்டாண்டுக்கு நீண்டது. முத்திரை விழுந்தது. மீனா முதல் வகுப்புக்குப் போனாள்.

அத்துடன் நின்றிருந்தால் பொய் ஜெர்மன் மொழிக்குள் கிடந்திருக்கும். பொன்னுசாமி 'ஆராய்ச்சி என்னாச்சு மாப்ளே, ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க' என்று எழுதிக் கேட்டார். அவருக்கும் அதையே எழுதினேன்.

5

நான்காண்டுகள் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், தகப்பனாரின் காரியத்துக்கு ஊர் போனேன். அவர் நல்ல காலோடு போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் முடிந்ததும் பொன்னுசாமியிடம் மேச்சேரிக்குப் போக வேண்டும் என்றேன்.

"எதுக்கு மாப்ளே, அந்த டூப்ளிகேட்டப் பாக்கறதுக்கா?" என்றார்.

போலி உதிரிபாகத்துக்கு லாரிப் பட்டறைகளில் வழங்கும் சொல் அது. என் பதில் கடிதத்தை அவர் புக்கிங் ஆபீசில் படித்துக் காட்டியிருக்கிறார். அங்கிருந்து டிரைவர்கள் வழியே சங்ககிரி, குமாரபாளையம், மேட்டூர் என்று போயிருக்கிறது. 'டூப்ளிகேட் செங்கோடன்' என்பது நான்காண்டுகளாக அவர் பெயர். ஜெர்மனிக்கே போலி அனுப்பியவன் நமக்கு என்னத்தைக் கட்டுவான் என்று ஆட்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

படலருகே செங்கோடன் ஓர் ஆட்டின் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஆட்டை விட்டுவிட்டு எழுந்து நின்றார். "வாங்க சாமி. அப்பாருக்குக் காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?" என்றார். பாவாயி மோர் கொண்டுவந்தாள். இருவரும் செடிப் பேச்சை எடுக்கவே இல்லை. நான்தான் எடுத்தேன்.

"அந்த மூட்டைகளில் வந்த செடி வேலை செய்யவில்லை. ஏன் என்று தெரிய வேண்டும்."

செங்கோடன் தரையைப் பார்த்தார். பாவாயி என்னையே பார்த்தாள்.

"எப்பிடிங்க வேல செய்யும்?" என்றாள். "கடி படாத செடிய அனுப்புன்னு எழுதுனீங்க. கடி படாத புண்ணாத்தி வெறும் தழைங்க. ஆடு திங்கறதுக்குத்தான் ஆவும்."

"என்ன சொல்றீங்க?"

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?" அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நாஞ்சொன்னனா இல்லியா, அவிங்களுக்குத் தெரியாதுன்னு? தெரிஞ்சுதான் கேக்கறாங்கன்னீங்களே."

செங்கோடன் வேலிக்குள் கூட்டிப் போய்க் காட்டினார். ஒரு பக்கத்துக் காட்டில் ஆட்டை விட்டுப் புண்ணாத்தியை மொட்டையாக மேயவிட்டு, படலைச் சாத்திவிடுவார். எட்டு ஒன்பது நாளில் கடித்த இடத்தின் பக்கத்திலிருந்து செங்கொழுந்து கிளம்பும். அந்தக் கொழுந்தைத்தான் பறிப்பது. வேறெதையும் அவர்கள் தொடுவதில்லை.

"செடிக்கும் ரோசம் உண்டுங்க" என்றார். "சும்மா நிக்கறப்ப அதுக்கென்ன கவல? கடிபட்டுப் பொழச்சதுதான் மறுக்கா கடிபடாம இருக்கோணும்னு கசப்ப ஏத்திக்கும். அந்தக் கசப்புத்தானுங்க மருந்து. நாக்குல வெச்சாத் தெரியுமே."

கடிபட்ட செடி தற்காப்புக்கென்று வேறு பொருள்களை உண்டாக்கும் என்பது நான் அறியாத கருத்தன்று. அறிந்தவன், ஒருமுறைகூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

"அப்படியென்றால் ஏன் முழுச் செடியை அனுப்பினீர்கள்? இது மருந்துக்கு ஆகாது என்று ஏன் சொல்லவில்லை?"

"சொன்னமுங்களே. உங்க மச்சான்கிட்டச் சொன்னேன். 'எழுதுனபடி செய்யி, அவுரு உன்னயவிடப் படிச்சவரு'ன்னாருங்க. நாயந்தானேன்னு நெனச்சேன். நீங்க வேற எதுக்காச்சும் கேக்கறீங்களாட்ட இருக்குதுன்னுட்டு, ரெண்டு பேரும் எட்டு நாளு காடு காடாப் போயி, ஆடு நுழையாத மூலையாப் பாத்துப் பொறுக்குனமுங்க. அத்தன சுத்தமா எங்க ஊட்டுக் கலியாணத்துக்கே நாங்க எதையும் பொறுக்குனதில்லீங்க."

பாவாயி உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து என் கடிதத்தை எடுத்து வந்தாள். பொன்னுசாமி படித்துக் காட்டிவிட்டு, பார்த்துச் செய்யுங்கள் என்று அங்கேயே விட்டுப் போயிருக்கிறார். என் கையெழுத்து. நான் அழகாக எழுதுவேன்.

"இதை என்னிடம் கொடுங்கள்" என்றேன்.

"அது எங்ககிட்டயே இருக்கட்டுங்க."

"இத்தனை நாளாக ஏன் யாரிடமும் காட்டவில்லை?"

அவள் கடிதத்தை மடித்தாள். "காட்டியிருந்தா, உங்கப்பாரு மூஞ்சில நாங்க எப்பிடி முழிக்கிறதுங்க? மாசந்தவறாம வந்து படலோரம் ஒக்காந்திட்டுப் போவாரு. 'எம் பையன் தப்பா எழுதமாட்டான், நீயும் தப்பாக் குடுக்கமாட்டே, எங்கியோ என்னமோ ஆயிருக்குது'ம்பாரு. சாகிற வரைக்கும் அதையேதான் சொன்னாரு."

செங்கோடன், "போதும் புள்ள" என்றார்.

வெளியே காரில் காத்திருந்த பொன்னுசாமி ஆரன் அடித்தார். நான் எழுந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் அன்று மாலையே நாமக்கல்லில் சொல்ல வேண்டும். நாமக்கல்லில் சொன்னால் ஆய்வகத்தில் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் சொன்னால் கடவுச்சீட்டின் அந்த ஒற்றை வரி. நான் கொழுந்து கொஞ்சம் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். பாவாயி துணிப் பையில் போட்டுக் கொடுத்தாள். முதல் முறை கொடுத்ததைப் போலவே, எதுவும் கேட்காமல்.

6

ஒரு சனிக்கிழமை, ஆய்வகத்தில் ஆளில்லாத நாளில், சாறு எடுத்துத் தட்டில் வில்லையை வைத்தேன். ஞாயிறு மதியம் போய்ப் பார்த்தேன். வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று மீனாவும் வந்திருந்தாள், பத்து வயது.

வட்டம் இருந்தது. தெளிவாக, கவராயத்தால் வரைந்ததைப் போல. முதல் பையில் கண்டதைவிடவும் பெரிதாக.

மீனா எட்டிப் பார்த்தாள். "அழகா இருக்கு. நிலா மாதிரி. இது என்ன அப்பா?"

"ஒன்றுமில்லை."

"நீ செஞ்சதா?"

"இல்லை."

தட்டைக் கிருமி கொல்லும் கொதிகலத்தில் வைத்துக் கழுவினேன். மீதிக் கொழுந்து இன்றும் என் மேசையின் கீழறையில் இருக்கிறது. ஆறாண்டு உழைப்புக்கான விடை என் கையில் இருந்தது. அதை வெளியிட வேண்டுமானால் என் அறிக்கை பொய் என்று முதல் வரியில் எழுத வேண்டும். அதன் பின்னான நாள்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏழு இருபதுக்குப் பேருந்து. இரண்டாண்டுக்கு ஒரு முத்திரை. பேராசிரியர் ஓய்வு பெற்றார். புதியவர் வேறு செடிகளை எடுத்துக்கொண்டார். என் அறிக்கை கோப்பில் அமர்ந்தது. இங்கே அதைப் படிக்கக் கூடியவர்களுக்கு என் தமிழ்க் கடிதம் தெரியாது. அங்கே என் கடிதத்தைப் படிக்கக் கூடியவர்களுக்கு இந்த அறிக்கை தெரியாது. இரண்டையும் படிக்கக் கூடியவன் நான் ஒருவனே என்பதை ஒரு பாதுகாப்பாகவே எண்ணியிருந்தேன். வெளியிலிருந்து எவரும் திறக்க முடியாத அறைக்குள் நானும்தான் இருந்தேன்.

7

இங்கே பள்ளி மாணவர்கள் இரண்டு வாரம் ஏதேனும் ஓரிடத்தில் வேலை பழக வேண்டும். பதினாறு வயது மீனா என் ஆய்வகத்தையே தேர்ந்தாள். பழைய கோப்புகளை அடுக்கும் வேலை கொடுத்தார்கள். அப்பாவின் பெயரைக் கண்டு ஆவலோடு எடுத்துப் படித்திருக்கிறாள். கல்லூரி உறை வந்து மூன்றாம் வாரம் அது.

சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"அப்பா, அந்தக் கிராமத்து ஆள் வேற செடி அனுப்பினாரா?"

"அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது."

"அறிக்கை நான் படிச்சேன். உன்னைக் கேக்குறேன். அன்னிக்கு நிலா மாதிரி ஒண்ணு பார்த்தோமே. நீ ஒண்ணுமில்லைன்னு சொன்ன. ஊர்லேருந்து வந்த உடனே. அது எந்தச் செடி?"

சரசுவதி கரண்டியை வைத்தாள். அவளுக்கும் அதுவரை தெரியாது. தன் அண்ணன் ஊரெங்கும் சொன்னது மட்டுமே தெரியும்.

"அப்பா, நீ பொய் எழுதினியா?"

அந்தக் கேள்வியில் 'ங்க' சேர்த்திருந்தாலும் அதன் எடை குறைந்திராது. நான் "ஆமாம்" என்றேன். பதினாறாண்டுகளில் என் மகளுக்கு நான் கொடுத்த மிகச் சுருக்கமான பதில்.

அவள் கோபிக்கவில்லை. எழுந்து போய் என் சிவப்பு மைப் பேனாவையும் அந்த உறையையும் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அச்சுப்படியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளால் படிக்க முடியாது. "இதுலயும் அவர் பேர் இருக்கா? காட்டு" என்றாள். காட்டினேன். செங்கோடன் என்ற ஐந்து எழுத்தின் மேல் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக எப்படிச் சொல்வது என்று கேட்டாள். அவள் தமிழில் முதலில் படித்த பெயர் அதுதான்.

மறுவாரம் இக்குறிப்புகளின் ஜெர்மன் வடிவத்தை ஆய்வகத் தலைவரிடம் கொடுத்தேன். அவள்தான் தட்டச்சு செய்தாள். ஒப்பந்தம் அடுத்த மாதம் குழுவின் முன் வருகிறது. இன்னும் பதில் இல்லை. மலர்க் குழுவினருக்கு: என்னைப் பற்றிய இரண்டு பக்கங்களை நீக்கிவிட்டு அவ்விடத்தில் இவற்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதாயின் என் பட்டங்களை விட்டுவிடலாம்; கீழுள்ளதை விடலாகாது.

அச்சுப்படியில் செங்கோடன் போலிச் செடிகளைக் கொடுத்து ஏமாற்றினார் என்று இருக்கிறது. அது தவறு. அவர் கொடுத்தது சரியான செடி, கேட்டபடியே கொடுத்தார். தவறாகக் கேட்டது நான். அது சரியான செடி என்று தெரிந்தே போலி என்று எழுதியதும் நான். கடிதம் மேச்சேரியில் பாவாயியின் பெட்டியில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.